பிரைவேட் லிமிடெட் பதிவு: அரசு வாங்குவது எவ்வளவு, ஏஜென்சி வாங்குவது எவ்வளவு?

‘வெறும் 999 ரூபாயில் கம்பெனி பதிவு’ என்று இணையத்தில் ஒரு விளம்பரம். ‘எல்லாம் சேர்த்து 25,000 ஆகும் சார்’ என்று உள்ளூர் ஆடிட்டர் அலுவலகம். இரண்டுக்கும் நடுவில் குழம்பி நிற்பவர்களுக்காக இந்த மதிப்பீடு. இங்கே எடைபோடப்படுபவை இரண்டு சேவைகள். ஒன்று, மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் நடத்தும் ஸ்பைஸ் பிளஸ் என்ற ஆன்லைன் பதிவு. மற்றது, அதே ஸ்பைஸ் பிளஸ்ஸை நமக்காக நிரப்பித் தருவதற்குத் தனியார் விற்கும் பேக்கேஜ்.

அரசுச் சேவை விலையில் மிக மலிவு. ஆனால் ஓர் எழுத்துப் பிசகையும் பொறுத்துக்கொள்ளாது. பேக்கேஜ்களில் நல்லவை இருக்கின்றன, அவற்றுக்குக் கொடுக்கும் காசு தகும். ஆனால் பெரும்பாலான பேக்கேஜ்கள் பதிவுச் சான்றிதழ் வரும் நாளோடு முடிந்துவிடுகின்றன. செலவு அந்த நாளில்தான் ஆரம்பிக்கிறது. ஆகவே, விளம்பரத் தொகையைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். முதல் தணிக்கையும் முதல் ஆண்டறிக்கைத் தாக்கலும் முடியும் வரைக்கும் மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள்.

கணக்குக்கு ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: தமிழ்நாட்டில் அலுவலகம், இரண்டு டைரக்டர்கள், அவர்களே இரண்டு பங்குதாரர்கள், 1 லட்சம் ரூபாய் மூலதனம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி பிரைவேட் லிமிடெட்டுக்குக் குறைந்தது இருவர் வேண்டும். டைரக்டர்களில் ஒருவராவது நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தவராக இருக்க வேண்டும். 1 லட்சம் மூலதனம் கட்டாயம் என்று இன்றும் சொல்லும் ஏஜென்ட்கள் உண்டு. அந்த விதி 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு போய்விட்டது. 10,000 ரூபாயில்கூடத் தொடங்கலாம்.

அரசு வாங்கும் காசு

முதலில் பெயர். ஸ்பைஸ் பிளஸ்ஸின் முதல் பகுதியில் இரண்டு பெயர்களைக் கொடுத்து 1,000 ரூபாய் கட்ட வேண்டும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பாது, மீண்டும் 1,000. ஒப்புதல் கிடைத்த பெயர் 20 நாள் நம் பெயரில் நிற்கும். அதற்குள் ஆவணங்கள் தயாராகாவிட்டால் இன்னொரு 1,000 கட்டி 40 நாள் வரை இழுக்கலாம். படிவத்தில் கையெழுத்திடத் தேவையான டிஜிட்டல் கையொப்பச் சாவிகூட எடுக்காமல் பெயரை முதலில் வாங்கிப் போட்டுவிட்டு, பிறகு 20 நாளும் ஆவணம் தேடுபவர்கள்தான் இந்த நீட்டிப்புக் கட்டணத்தைக் கட்டுகிறார்கள். ஆவணம் முழுக்கக் கைக்கு வந்த பிறகு பெயருக்கு விண்ணப்பிப்பதே சரியான வரிசை.

அடுத்தது பதிவுக் கட்டணம். அங்கீகரிக்கப்பட்ட மூலதனம், அதாவது கம்பெனி வெளியிடக்கூடிய பங்குகளின் மொத்த மதிப்பு, 15 லட்சம் வரை இருந்தால் அமைச்சகத்தின் கட்டணம் பூஜ்யம். 2019 மார்ச் முதல் இப்படித்தான். எனவே, ‘அரசுக் கட்டணம் 7,000’ என்று மொத்தமாக ஒரு வரி எழுதிய ரசீதைக் கண்டால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மாநில முத்திரைத் தீர்வை தனி. கம்பெனியின் நோக்கத்தைச் சொல்லும் அமைப்பு விதிகள் (எம்ஓஏ), நடத்தும் முறையைச் சொல்லும் சங்க விதிகள் (ஏஓஏ), விண்ணப்பப் படிவம் மூன்றுக்கும் சேர்த்துப் போர்ட்டலே கணக்கிட்டு வாங்கிக்கொள்ளும். தமிழ்நாட்டில் 1 லட்சம் மூலதனத்துக்கு இது ஆயிரத்துச் சொச்சத்துக்குள் முடிந்துவிடும். கேரளத்தில் இதைவிடக் கூடுதல். பஞ்சாபில் 10,000 ரூபாயைத் தாண்டும். பதிவு அலுவலகம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்தின் விகிதம்தான் பொருந்தும். டைரக்டரின் சொந்த ஊர் எதுவானாலும் கணக்கில் வராது.

பான், வரிப் பிடித்தத்துக்கான டான் எண் இரண்டுக்கும் சேர்த்து 150 ரூபாய்க்குள். டைரக்டர் அடையாள எண் மூன்று பேர் வரை இதே படிவத்தில் கிடைத்துவிடும். தனிக் கட்டணம் இல்லை. பிஎஃப், ஈஎஸ்ஐ எண்களும் கூடவே வரும். அவை வந்துவிட்டதே என்று பயந்து மாதாமாதம் தாக்கல் செய்ய ஆள் வைக்க வேண்டாம். பிஎஃப்புக்கு 20 பேர், ஈஎஸ்ஐக்கு 10 பேர் என்ற வரம்பை எட்டும்போதுதான் வேலை தொடங்கும்.

ஆக, அரசுக்குப் போவது பெயருக்கு 1,000, முத்திரைத் தீர்வை ஏறத்தாழ 1,000, பான்–டான் 150. 2,000 ரூபாயை ஒட்டி ஒரு கம்பெனி. விலையை மட்டும் பார்த்தால் இந்தச் சேவைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

அரசுக்குப் போகாத, தவிர்க்கவும் முடியாத செலவு

டிஜிட்டல் கையொப்பம். பங்குதாரராகக் கையெழுத்திடும் ஒவ்வொருவருக்கும், டைரக்டர் ஒவ்வொருவருக்கும் கிளாஸ் 3 கையொப்பம் தேவை. யுஎஸ்பி டோக்கனோடு இரண்டு ஆண்டுக்கு ஒருவருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய். பேக்கேஜில் ‘டிஎஸ்சி உண்டு’ என்று மட்டும் போட்டிருந்தால் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: எத்தனை பேருக்கு, எத்தனை ஆண்டுக்கு, டோக்கன் விலை சேர்ந்ததா? ஓராண்டுக் கையொப்பத்தைக் கொடுத்துவிட்டு, ஆண்டறிக்கை போடும் நேரத்தில் புதுப்பிக்கக் காசு கேட்பது பரவலாக நடக்கிறது.

தொழில்முறைச் சான்று. ஸ்பைஸ் பிளஸ்ஸை முழுக்க நாமே போட்டுவிட முடியாது. தொழில் புரியும் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட், கம்பெனி செக்ரட்டரி, காஸ்ட் அக்கவுண்டன்ட், வழக்கறிஞர் இவர்களில் ஒருவர் படிவத்துக்குச் சான்றளித்துக் கையொப்பமிட வேண்டும். எனவே 999 ரூபாய்க்கு முழு வேலையும் முடியும் என்பது நடக்காத காரியம். தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு 6,000 முதல் 12,000 வரை வாங்குகிறார்கள். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சென்னையில் கூடுதல், மதுரை, திருநெல்வேலிப் பக்கம் குறைவு. தரத்துக்கும் ஊருக்கும் தொடர்பு இல்லை, ஏனென்றால் எல்லா விண்ணப்பமும் போவது ஹரியானாவின் மானேசரில் இருக்கும் மத்தியப் பதிவு மையத்துக்குத்தான். சென்னைப் பதிவாளரும் கோவைப் பதிவாளரும் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள்.

வாடகை ஒப்பந்தமும், இடத்தின் உரிமையாளர் தரும் தடையின்மைக் கடிதமும். ஒப்பந்தத்துக்கான முத்திரைத்தாள் தமிழ்நாட்டில் 20 ரூபாயிலிருந்து 200 ரூபாய்க்கு ஏறிவிட்டது. தட்டச்சு, நோட்டரி எல்லாம் சேர்த்து 500 முதல் 1,000 வரை வைத்துக்கொள்ளுங்கள்.

நம் உதாரணத்தில் கூட்டிப் பார்த்தால்: அரசுக்கு 2,150, இரண்டு கையொப்பம் 3,000, ஆவணம் 500, சான்றளிப்பவருக்கு 8,000, அதற்கு ஜிஎஸ்டி 1,440. மொத்தம் 15,090. யாராவது 12,000 முதல் 18,000க்குள் ‘எல்லாம் உள்பட’ என்று எழுதிக் கொடுத்தால் அது நியாயமான விலை. 25,000 கேட்டால் கூடுதலாக என்ன தருகிறார்கள் என்று கேளுங்கள். தொழில் தொடங்கும் அறிவிப்பான 20ஏ படிவமும் முதல் ஆடிட்டர் நியமனமும் அதில் சேர்ந்திருந்தால் அதுவும் தப்பில்லை.

விண்ணப்பம் எங்கே இடறுகிறது

போர்ட்டலின் மூன்றாம் பதிப்புக்குக் கம்பெனிப் பதிவுப் படிவங்கள் 2023 ஜனவரியில் மாறின. தொடக்கத்தில் நிறையக் கோளாறு இருந்தது, இப்போது பரவாயில்லை. ஆனாலும் இரண்டாம் பகுதியையும், அதோடு இணைந்த அமைப்பு விதி, சங்க விதி, பிஎஃப், ஈஎஸ்ஐ, வங்கிக் கணக்குக்கான அஜைல் புரோ, டைரக்டர்களின் உறுதிமொழியான ஐஎன்சி-9 ஆகியவற்றையும் வரிசையாக நிரப்பி, பிடிஎஃப்பாக இறக்கி, எல்லோருடைய சாவியையும் போட்டுக் கையொப்பமிட்டு, திரும்ப ஏற்ற வேண்டும். கையொப்பமிட்ட பிறகு ஓர் எழுத்தை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. இரண்டு டைரக்டர்களில் ஒருவர் வெளியூரில், அவருடைய சாவி அவர் சட்டைப் பையில் என்றால் ஒரு வாரம் போய்விடும்.

நம்மூர்க்காரர்களுக்கு வரும் தலையாய சிக்கல் இனிஷியல். பான் அட்டையில் ‘குமார் முத்துசாமி’ என்று அப்பா பெயர் விரிந்து, குடும்பப் பெயர் போல நிற்கும். ஆதாரில் ‘குமார் மு’ அல்லது ‘எம் குமார்’. வங்கி அறிக்கையில் புள்ளி வைத்து, வைக்காமல், முன்னால், பின்னால் என்று மூன்றாவது வடிவம். ஆதாரை வைத்துக் கையொப்பச் சாவி எடுத்தால் சாவியில் ஒரு பெயர் இருக்கும். டைரக்டர் எண்ணுக்குப் பான் பெயரைச் சரிபார்க்கும்போது இன்னொரு பெயர் இருக்கும். ஒன்று போர்ட்டல் ஏற்காது, அல்லது மானேசரிலிருந்து திருப்பி அனுப்புவார்கள். தீர்வு எளிது, ஆனால் முதலில் செய்ய வேண்டியது: பானில் என்ன இருக்கிறதோ அதை மூலமாக வைத்துக்கொண்டு ஆதாரைத் திருத்துங்கள். அதன் பிறகு கையொப்பச் சாவி எடுங்கள். திருத்தத்துக்கு 100 ரூபாய்க்குள்தான் ஆகும். முன்பே எடுத்த சாவியை ரத்து செய்து புதிதாக எடுத்தால் 1,500. திருமணமான பெண்களுக்கும் படிவம் கேட்பது அப்பா பெயரைத்தான். கணவர் பெயரைப் போட்டு மாட்டிக்கொள்ளும் விண்ணப்பங்கள் நிறைய.

இரண்டாவது சிக்கல் இபி பில். பதிவு அலுவலகத்துக்கான கட்டண ரசீது இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் கணக்கெடுப்பே இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. எனவே ரசீது கைக்கு வந்த அன்றிலிருந்தே நாள் ஓட ஆரம்பிக்கிறது. அதைவிடப் பெரிய தொல்லை, மின் இணைப்பு தாத்தா பெயரில் இருக்கும், வீடு மகன் பெயரில் இருக்கும், தடையின்மைக் கடிதத்தில் பேரன் கையெழுத்திட்டிருப்பார். பரிசீலிப்பவருக்கு மூவரும் மூன்று அந்நியர்கள். பத்திரத்தின் நகல் அல்லது இப்போதைய உரிமையாளர் பெயரில் உள்ள சொத்து வரி ரசீதைக் கூட இணைத்தால் சங்கிலி ஒட்டிக்கொள்ளும். ஊராட்சி வீட்டு வரி ரசீது தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். கதவு எண்ணில் பழையது, புதியது இரண்டும் இருக்கும் தெருக்களில், எல்லா ஆவணத்திலும் ஒரே மாதிரி ‘பழைய எண் இது, புதிய எண் இது’ என்று எழுதிவிடுவது நல்லது.

பெயர் நிராகரிப்பு மூன்றாவது. ‘ஸ்ரீ’ என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒலி ஒத்திருந்தால், பன்மை விகுதி சேர்த்திருந்தால், நடுவில் இடைவெளி விட்டிருந்தால், அது வேறு பெயராகாது. ஏற்கெனவே உள்ள கம்பெனி, எல்எல்பி (வரம்புள்ள பொறுப்புக் கூட்டு நிறுவனம்), டிரேட்மார்க் மூன்றோடும் ஒப்பிடுவார்கள். கம்பெனிப் பெயரை அமைச்சகத்தின் தளத்திலும், டிரேட்மார்க்கை அறிவுசார் சொத்துத் துறையின் தளத்திலும் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம். அரை மணி நேர வேலை, 1,000 ரூபாயைக் காப்பாற்றும். சாமி பெயர், ஊர்ப் பெயர், குழந்தை பெயர் இவற்றை மட்டும் வைத்து விண்ணப்பித்தால் ஒப்புதல் கிடைப்பது கடினம். அதோடு தொழிலைக் குறிக்கும் ஒரு சொல்லையும், யாரும் வைத்திராத ஒரு தனிச் சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பைனான்ஸ், இன்வெஸ்ட்மென்ட் போன்ற சொற்களை நோக்கப் பிரிவில் போகிற போக்கில் போட்டு வைத்தால் ரிசர்வ் வங்கி அனுமதி எங்கே என்று கேள்வி வரும்.

திருப்பி அனுப்பினால் 15 நாளுக்குள் திருத்தித் தர வேண்டும். இரண்டாம் முறையும் குறை இருந்தால் இன்னொரு 15 நாள். அதற்கு மேல் விண்ணப்பம் நிராகரிப்புதான். பேக்கேஜ் வாங்குபவர்கள் கேட்க வேண்டியது, இந்தத் திருத்தங்களுக்குத் தனிக் காசு உண்டா என்பது. ஆவணம் எல்லாம் சுத்தமாக இருந்தால் பெயர் இரண்டு மூன்று வேலை நாளிலும், சான்றிதழ் அடுத்த ஒரு வாரத்திலும் வந்துவிடும்.

சிங்கப்பூர், மலேசியா, இலங்கை போன்ற காமன்வெல்த் நாடுகளில் இருந்தபடி கையெழுத்திடும் பங்குதாரருக்கு அந்நாட்டு நோட்டரி சான்று வேண்டும். துபாயில் இருப்பவருக்கு நோட்டரியோடு இந்தியத் தூதரகச் சான்றும் சேரும். இந்தச் செலவு எந்தப் பேக்கேஜிலும் இருக்காது. சில வேளை மொத்தப் பதிவுச் செலவையும் தாண்டிவிடும்.

சான்றிதழ் வந்த பிறகு

சான்றிதழில் கம்பெனியின் 21 இலக்க எண், பான், டான் மூன்றும் ஒரே தாளில் இருக்கும். வாட்ஸ்அப்பில் அது வந்து சேர்ந்ததும் ஏஜென்சியின் உற்சாகம் அடங்கிவிடும். நமக்கு நான்கு கெடுக்கள் ஓடத் தொடங்கும்.

30 நாளுக்குள் முதல் போர்டு கூட்டம், அதில் முதல் ஆடிட்டர் நியமனம். அதற்கான ஏடிடி-1 படிவத்துக்கு, மூலதனம் 1 லட்சத்திலிருந்து 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் 300 ரூபாய்; 5 லட்சத்திலிருந்து 25 லட்சத்துக்குள் 400. 60 நாளுக்குள் பங்குச் சான்றிதழ்கள். 180 நாளுக்குள் ஐஎன்சி-20ஏ, அதாவது பங்குப் பணம் வந்துவிட்டது, தொழில் தொடங்குகிறோம் என்ற அறிவிப்பு. அதுவரைக்கும் கம்பெனி தொழில் தொடங்கக் கூடாது, கடன் வாங்கக் கூடாது.

இந்த 20ஏ படிவத்தில்தான் சிறு கம்பெனிகள் அதிகம் விழுகின்றன. அரசுக் கட்டணம் அதே 300 ரூபாய். தவறினால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம். பொறுப்பில் உள்ள ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 1,000 வீதம் 1 லட்சம் வரை. பதிவாளர் கம்பெனியையே பட்டியலிலிருந்து நீக்கலாம். ஏன் தவறுகிறது? நடப்புக் கணக்கு தொடங்கத் தாமதமாகிறது. அஜைல் புரோ படிவத்தில் வங்கியைத் தேர்ந்தெடுத்தாலும், கிளையில் போர்டு தீர்மானம், நேரடிச் சரிபார்ப்பு எல்லாம் வேண்டும். பிறகு, இருவர் போட வேண்டிய பணத்தை ஒருவரே மொத்தமாக அனுப்பிவிடுவார், அல்லது ரொக்கமாகக் கட்டிவிடுவார். அறிக்கையில் ஒவ்வொரு பங்குதாரரின் பெயரும், அவர் எடுத்த பங்குக்குரிய தொகையும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். அவரவர் கணக்கிலிருந்து அவரவர் தொகையை, சரியாக அந்த ரூபாயில் அனுப்புவதே வழி. 1 லட்சத்தை மூலதனமாக எழுதிவிட்டுக் கையில் 20,000 மட்டும் வைத்திருப்பவர்கள் செலுத்திய மூலதனத்தை முதலிலேயே குறைத்து எழுதியிருக்கலாம். அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் வேறு, செலுத்திய மூலதனம் வேறு. பின்னது எவ்வளவு சிறியதானாலும் பாதகமில்லை.

அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்தைக் கொஞ்சம் பெரிதாகவே வைக்கலாம். 15 லட்சம் வரை கட்டணமில்லை என்ற சலுகை பதிவு நாளுக்கு மட்டும். பிறகு உயர்த்தினால் எஸ்எச்-7 படிவம் போட்டுக் கட்டணம் கட்ட வேண்டும்: சிறு கம்பெனிக்கு 10 லட்சத்துக்கு மேல் ஒவ்வொரு 10,000 ரூபாய்க்கும் 200 ரூபாய். 10 லட்சத்தை 15 லட்சமாக்க 10,000 ரூபாய் போகும். ஓராண்டுக்குள் வெளிமுதலீடு வரும் என்று தெரிந்தவர்கள், மாநில முத்திரைத் தீர்வை எவ்வளவு கூடுகிறது என்று பார்த்துவிட்டு, தொடக்கத்திலேயே மேலே வைத்துக்கொள்வது லாபம்.

ஆண்டுச் செலவு: இதைத்தான் விளம்பரம் சொல்வதில்லை

ஒரு ரூபாய் விற்பனை இல்லாவிட்டாலும் பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குத் தணிக்கை கட்டாயம். சிறு கம்பெனிக்கு ஆடிட்டர் கட்டணம் 15,000 முதல் 25,000. கணக்கு எழுத மாதம் 2,000 என்றாலும் ஆண்டுக்கு 24,000; பில்கள் அதிகமானால் 36,000. கணக்கு அறிக்கைக்கான ஏஓசி-4, ஆண்டறிக்கைக்கான எம்ஜிடி-7ஏ இரண்டையும் தயாரித்துத் தாக்கல் செய்ய 6,000 முதல் 10,000. வருமான வரிப் படிவம் 3,000 முதல் 5,000. ஏடிடி-1, 20ஏ இரண்டுக்கும் சேர்த்து முதல் ஆண்டில் 4,000. கூட்டினால் முதல் ஆண்டில் 52,000 முதல் 80,000 வரை. பதிவுச் செலவைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு. கம்பெனிக்கும் தொழில் வரி உண்டு. மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சிக்கு அரையாண்டுக்கு ஒரு முறை. ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது, ஆனாலும் நிலுவை விழுந்தால் பிறகு தொழில் உரிமம் வாங்கும்போது கேட்பார்கள்.

தாமதக் கட்டணம்தான் இதில் கொடியது. ஏஓசி-4க்கும் எம்ஜிடி-7ஏக்கும் தலா நாளுக்கு 100 ரூபாய், உச்சவரம்பே கிடையாது. இரண்டையும் ஓராண்டு விட்டால் 73,000 ரூபாய். தொடர்ந்து மூன்று நிதியாண்டு விட்டால் டைரக்டர்கள் ஐந்து ஆண்டுக்குத் தகுதியிழப்பார்கள். வேறு எந்தக் கம்பெனியிலும் புதிதாக டைரக்டராக முடியாது. டைரக்டர் கேஒய்சி தவறினால் எண் முடக்கப்படும், திறக்க 5,000. டைரக்டர் தன் பணத்தைக் கம்பெனிக்குக் கடனாகப் போட்டிருந்தால் அதையும் ஜூன் 30க்குள் டிபிடி-3 படிவத்தில் காட்ட வேண்டும். சிறு கம்பெனிகளில் இது இல்லாத வீடே இல்லை, ஆனால் பேக்கேஜ்களில் இந்தப் படிவத்தின் பெயர்கூட இருக்காது.

பதிவு செய்யும் மாதத்திலும் காசு இருக்கிறது. ஜனவரி 1 முதல் மார்ச் 31க்குள் பதிவான கம்பெனியின் முதல் நிதியாண்டு அடுத்த ஆண்டு மார்ச் 31இல் முடியும். டிசம்பர் 28இல் பதிவானால் மூன்று மாதத்துக்கே ஒரு தணிக்கை, ஒரு ஆண்டறிக்கை. பெரிய அவசரம் இல்லாதவர்கள் டிசம்பர் கடைசியில் கையொப்பமிட வேண்டாம். சில நாள் பொறுத்தால் கம்பெனிச் சட்டத்துக்கான ஒரு சுற்றுச் செலவு, 20,000 ரூபாய்க்கு மேல், மிச்சம். இதை வாடிக்கையாளருக்குத் தானாகச் சொல்கிற அலுவலகம் கிடைத்தால் விடாதீர்கள்.

பேக்கேஜில் எதைப் பார்ப்பது

‘இலவசம்’ என்று பட்டியலில் வருபவற்றில் பாதி, அரசே இலவசமாகக் கொடுப்பவை. சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஜிஎஸ்டி பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஸ்டார்ட்அப் அங்கீகாரத்துக்கும் இல்லை. இவற்றுக்கு 1,500, 3,000 என்று விலை போட்டு, அதை அடித்துவிட்டுப் ‘பூஜ்யம்’ என்று காட்டுவது விற்பனை உத்தி. இலவச ஜிஎஸ்டியில் ஒரு கண்ணியும் உண்டு. சேவைத் தொழிலுக்கு 20 லட்சம், பொருள் விற்பனைக்கு 40 லட்சம் வரை, மாநிலத்துக்குள் மட்டும் விற்பவர்களுக்குப் பதிவு பெரும்பாலும் தேவைப்படாது. எண் வாங்கிவிட்டால் விற்பனை இல்லாவிட்டாலும் படிவம் போட வேண்டும்; தவறினால் நாளுக்கு 20 ரூபாய், ஏஜென்சிக்கு மாதம் 500 முதல் 1,000. வாடிக்கையாளர் ஜிஎஸ்டி பில் கேட்கும் நாளில் வாங்கிக்கொள்ளலாம்.

உத்யம் எண்ணை மட்டும் சான்றிதழ் கிடைத்த வாரமே எடுத்துவிடுங்கள். டிரேட்மார்க் விண்ணப்பத்துக்குக் கம்பெனி என்றால் ஒரு வகுப்புக்கு 9,000 ரூபாய். உத்யம் இருந்தால் 4,500. பத்து நிமிட வேலைக்கு நேரடியாக 4,500 ரூபாய் மிச்சம்.

விலையைவிட முக்கியமாக நான் கருதுவது, படிவத்தில் யாருடைய மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் போகின்றன என்பது. வேலை வேகமாக முடிய வேண்டுமென்று பல ஏஜென்சிகள் தங்கள் மின்னஞ்சலையே கம்பெனி மின்னஞ்சலாகப் போட்டுவிடுகின்றன. பான் அதற்குத்தான் வரும். வருமான வரித் தளத்தின் கடவுச்சொல்லை மீட்பதும் அதன் வழியாகத்தான். பதிவாளரின் நோட்டீஸும் அங்கேதான் போகும். இரண்டு ஆண்டு கழித்து ஆடிட்டரை மாற்ற நினைக்கும்போது, பழையவர் தொலைபேசியை எடுக்காவிட்டால் சொந்தக் கம்பெனியின் கதவு நமக்கே திறக்காது. கம்பெனிக்கென்று ஒரு மின்னஞ்சலைப் பதிவுக்கு முன்பே தொடங்கி, டைரக்டரின் சொந்த எண்ணோடு கொடுங்கள். கையொப்ப டோக்கனையும் ஏஜென்சியின் மேசை இழுப்பறையில் விட்டு வைக்காதீர்கள். அதைப் போட்டு எடுக்கும் எந்தக் கையெழுத்தும் சட்டப்படி உங்கள் கையெழுத்து.

இந்தச் செலவு வேண்டுமா என்று தயங்குபவர்கள் எல்எல்பியைப் பார்க்கலாம். பெயருக்கு 200 ரூபாய், 1 லட்சம் முதலீடு வரை பதிவுக்கு 500, ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை. விற்றுமுதல் 40 லட்சத்தையோ முதலீடு 25 லட்சத்தையோ தாண்டாத வரை தணிக்கை இல்லை. மே 30க்குள் படிவம் 11, அக்டோபர் 30க்குள் படிவம் 8, வருமான வரி, அவ்வளவுதான். ஆண்டுக்கு 30,000 வரை மிச்சமாகலாம். எதிர்ப்பக்கத்தில், எல்எல்பிக்கு வரி 31.2 சதவீதம், சலுகை விகிதத்தைத் தேர்ந்த கம்பெனிக்கு 25.168. ஆனால் எல்எல்பியின் லாபப் பங்குக்குக் கூட்டாளி கையில் மறுபடி வரி இல்லை. கம்பெனியின் டிவிடெண்டுக்கு உண்டு. வெளியிலிருந்து பங்கு முதலீடு வாங்கும் எண்ணமே இல்லாத இரண்டு பேர் கன்சல்டன்சிக்கு எல்எல்பி போதும். முதலீட்டாளரைத் தேடப் போகிறவர்கள், பணியாளருக்குப் பங்கு தர நினைப்பவர்கள் பிரைவேட் லிமிடெட்டைத் தவிர்க்க முடியாது. ஒருவர் மட்டும் நடத்தும் ஓபிசிக்கும் தணிக்கை கட்டாயம். செலவு பிரைவேட் லிமிடெட்டை ஒட்டியே வரும்.

தொழில் ஓடாவிட்டால் மூடவும் காசு வேண்டும். எஸ்டிகே-2 விண்ணப்பத்துக்கு அரசுக் கட்டணமே 10,000 ரூபாய். அதற்கு முன் நிலுவையில் உள்ள ஆண்டறிக்கைகளைத் தாமதக் கட்டணத்தோடு போட்டு முடித்திருக்க வேண்டும், வங்கிக் கணக்கை மூட வேண்டும், கடன் எதுவும் இருக்கக் கூடாது. சான்றளிப்பவருக்கு இன்னொரு 10,000 முதல் 15,000. ‘பேருக்கு ஒரு கம்பெனி இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று பதிவு செய்யச் சொல்லும் ஏஜென்ட்டிடம், மூடுவதற்கு எவ்வளவு வாங்குவீர்கள் என்று கேட்டு அதையும் விலைப்பட்டியலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.